போக்கும் வாலட்டிலிட்டியும்: ஆப்ஷன் வர்த்தக வாய்ப்பைத் தேடும் முறை

பங்கு ஏறும் என்று கணித்துக் கால் ஆப்ஷன், அதாவது அதைக் குறித்த விலையில் வாங்கும் உரிமை, ஒன்றை வாங்குகிறீர்கள். பங்கும் ஏறுகிறது. ஆனாலும் கணக்கைத் திறந்து பார்த்தால் நஷ்டம் நிற்கிறது. ஆப்ஷன் சந்தைக்குப் புதிதாக வருகிறவர்களை முதலில் குழப்புவது இதுதான்.

எண்களோடு பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு பங்கின் விலை 1,000. அந்த நிறுவனத்தின் காலாண்டு முடிவுகள் இன்று மாலை வெளியாகின்றன. ஆப்ஷன் காலாவதியாகும் எக்ஸ்பைரி நாளுக்கு இன்னும் 10 நாட்கள். முடிவுகளை எதிர்பார்த்துச் சந்தை பரபரப்பாக இருப்பதால், ஆப்ஷன் விலைக்குள் 60 சதவீத வாலட்டிலிட்டி, அதாவது பங்கு எவ்வளவு அசையும் என்ற எதிர்பார்ப்பு, ஏறியிருக்கிறது. அந்த நிலையில் 1,000 ஸ்டிரைக் (குறித்த விலை) கொண்ட கால் ஆப்ஷனின் பிரீமியம், அதாவது அதற்குக் கொடுக்கும் விலை, சுமார் 40 இருக்கும். முடிவுகள் நன்றாக வந்து, மறுநாள் பங்கு 1,020-க்குப் போகிறது. பரபரப்பு அடங்கிவிட்டதால் வாலட்டிலிட்டி 30 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. இப்போது அதே கால் ஆப்ஷனின் விலை ஏறத்தாழ 31. பங்கு 2 சதவீதம் ஏறியும், வாங்கியவர் தம் பிரீமியத்தில் கால் பங்கு அளவுக்கு இழந்திருக்கிறார்.

பங்கை வாங்குகிறவர் திசையை மட்டும் கணித்தால் போதும். ஆப்ஷனை வாங்குகிறவரோ, விற்கிறவரோ, பங்கு எந்தத் திசையில் போகும் என்பதோடு எவ்வளவு அசையும் என்பதையும், அந்த அசைவுக்குச் சந்தை இன்று என்ன விலை வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணிக்க வேண்டும். ஆகவே நல்ல வாய்ப்பைத் தேடுவது என்றால் இரண்டு கேள்விகளை ஒரே நேரத்தில் கேட்பது. போக்கு எது? வாலட்டிலிட்டி மலிவா, விலை அதிகமா? இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்தால், எந்த ஆப்ஷனை எப்படிப் பயன்படுத்துவது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

அடிப்படையை ஒரு வரியில் நினைவூட்டிக்கொள்வோம். கால் என்பது குறித்த விலையில் பங்கை வாங்கும் உரிமை. புட் என்பது குறித்த விலையில் விற்கும் உரிமை. உரிமையை வாங்குகிறவர் பிரீமியம் கொடுக்கிறார். அதை விற்கிறவர் பிரீமியத்தைப் பெற்றுக்கொண்டு கடமையை ஏற்கிறார். இந்தக் கடைசிச் சொல்லை மறக்க வேண்டாம். பின்னால் அது முக்கியமாக வரும்.

முதல் படி: தேடும் வட்டத்தைச் சுருக்குங்கள்

பட்டியலில் இருக்கும் எல்லாப் பங்குகளிலும் தேடத் தேவையில்லை. ஆப்ஷன் வர்த்தகம் தாராளமாக நடக்கும் இருபது, முப்பது பங்குகளும் ஓரிரு குறியீடுகளும் போதும். எல்லா ஸ்டிரைக்குகளின் விலைகளையும் காட்டும் பட்டியலான ஆப்ஷன் செயினில் வாங்குவோர் கேட்கும் விலைக்கும் விற்போர் கேட்கும் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒருபுறம் 8, மறுபுறம் 10 என்றிருந்தால், 10-க்கு வாங்கி அடுத்த நொடியே விற்றாலும் 20 சதவீதம் போய்விடும். எந்த அழகான கணிப்பாலும் அந்த இடைவெளியைத் தொடர்ந்து தாண்ட முடியாது. இரண்டு, நான்கு ஆப்ஷன்களைச் சேர்த்துச் செய்யும் வர்த்தகத்தில் ஒவ்வொன்றிலும் இதே இழப்பு கூடிக்கொண்டே போகும். ஓப்பன் இன்ட்ரஸ்ட் (இன்னும் மூடப்படாமல் நிற்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை) சில பத்துகளில் இருக்கும் ஸ்டிரைக்குகளைத் தொடவே வேண்டாம்.

இரண்டாம் படி: போக்கைப் பாருங்கள்

இதற்கு நிறையக் கருவிகள் வேண்டியதில்லை. தினசரி வரைபடத்தைத் திறந்து கடைசி ஆறு மாதங்களைப் பாருங்கள். உச்சங்கள் முந்தைய உச்சங்களைவிட உயரமாகவும், பள்ளங்கள் முந்தைய பள்ளங்களைவிட உயரமாகவும் அமைந்தால் ஏறுமுகம். இரண்டும் தாழ்ந்துகொண்டே வந்தால் இறங்குமுகம். ஓர் எல்லைக்குள்ளேயே மேலும் கீழுமாகப் போய்வந்தால் பக்கவாட்டுப் போக்கு. வாராந்தர வரைபடமும் அதையே சொல்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

கண்ணால் பார்த்ததை உறுதிப்படுத்த 50 நாள், 200 நாள் மூவிங் ஆவரேஜ்கள் (கடைசி அத்தனை நாட்களின் சராசரி விலைகள்) உதவும். விலை 50 நாள் சராசரிக்கு மேலே, அந்தச் சராசரி 200 நாள் சராசரிக்கு மேலே, இரண்டும் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன என்றால் ஏறுமுகத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. போக்கின் வலிமையை அளக்க விரும்புகிறவர்கள் வெல்ஸ் வைல்டர் 1978-இல் அறிமுகப்படுத்திய ஏ.டி.எக்ஸ். என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அது 25-க்கு மேல் இருந்தால் வலுவான போக்கு, 20-க்குக் கீழ் இருந்தால் போக்கு இல்லை என்பது வழக்கமான வாசிப்பு. அது திசையைச் சொல்வதில்லை, வலிமையை மட்டுமே சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். கடுமையாக விழும் பங்குக்கும் ஏ.டி.எக்ஸ். உயர்வாகவே இருக்கும்.

என் கருத்து ஒன்று: வரைபடத்தில் போக்கைப் பத்து நிமிடம் தேட வேண்டியிருந்தால் அங்கே போக்கு இல்லை. அடுத்த பங்குக்குப் போய்விடுங்கள். கோடுகளைக் கூட்டிக்கொண்டே போனால், நமக்குப் பிடித்த பதிலை ஏதாவதொரு கோடு கட்டாயம் தந்துவிடும்.

மூன்றாம் படி: வாலட்டிலிட்டியின் விலையைப் பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் படி இது. வேலையில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது.

வாலட்டிலிட்டி இரண்டு வகை. கடந்த சில வாரங்களில் பங்கு உண்மையில் எவ்வளவு அசைந்தது என்பதை அளப்பது ஹிஸ்டாரிக்கல் வாலட்டிலிட்டி. வரும் நாட்களில் எவ்வளவு அசையும் என்று ஆப்ஷன் விலைகள் வழியாகச் சந்தை சொல்வது இம்ப்ளைடு வாலட்டிலிட்டி. சுருக்கமாக ஐ.வி. என்பார்கள், ஆப்ஷன் செயினில் ஒவ்வொரு ஸ்டிரைக்குக்கு எதிரிலும் அது இருக்கும். இரண்டும் ஆண்டுக்கணக்கிலான சதவீதங்கள்.

ஐ.வி. 30 சதவீதம் என்றால் கைக்கு எட்டும் பொருள் என்ன? பங்கு விலையை ஐ.வி.யால் பெருக்குங்கள். எக்ஸ்பைரிக்கு உள்ள நாட்களை 365-ஆல் வகுத்து, அதன் வர்க்கமூலத்தால் மீண்டும் பெருக்குங்கள். பங்கு 1,000, ஐ.வி. 30 சதவீதம், 30 நாட்கள் என்றால் விடை சுமார் 86. அதாவது, ஒரு மாதத்தில் பங்கு 914-க்கும் 1,086-க்கும் இடையில் இருக்க ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு என்று சந்தை விலை சொல்கிறது. இது எதிர்பார்க்கப்படும் அசைவு. நீங்கள் 1,150 போகும் என்று நம்பிக் கால் வாங்குவதாக இருந்தால், சந்தை மொத்தமும் எதிர்பார்ப்பதைவிடப் பெரிய அசைவின் மேல் பணம் வைக்கிறீர்கள். அது தவறு என்று சொல்லவில்லை. ஆனால் தெரிந்து வையுங்கள்.

அடுத்தது, இந்த 30 சதவீதம் அதிகமா, குறைவா என்ற கேள்வி. எண்ணைத் தனியாகப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு பெரிய மருந்து நிறுவனத்துக்கு 30 அதிகமாக இருக்கலாம். ஒரு சிறிய தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அதுவே அரிதான தாழ்வாக இருக்கலாம். அந்தப் பங்கின் சொந்த வரலாற்றோடுதான் ஒப்பிட வேண்டும். ஐ.வி. ரேங்க் என்பது ஓராண்டின் குறைந்த, உயர்ந்த ஐ.வி.க்கு நடுவே இன்றைய நிலை எங்கே நிற்கிறது என்று சொல்வது. ஆண்டின் தாழ்வு 18, உயர்வு 58, இன்று 28 என்றால் ரேங்க் 25. ஐ.வி. பெர்சென்டைல் என்பது, ஓராண்டில் எத்தனை சதவீத நாட்களில் ஐ.வி. இன்றையதைவிடக் குறைவாக இருந்தது என்பது. நான் பெர்சென்டைலையே நம்புகிறேன். ஆண்டில் ஒரே ஒரு நாள் ஐ.வி. எகிறியிருந்தாலும் அந்த ஒரு நாள் ரேங்க்கை ஆண்டு முழுவதும் தாழ்த்திக் காட்டிக்கொண்டிருக்கும். பெர்சென்டைலை அது அவ்வளவாக அசைக்காது. 30-க்குக் கீழ் இருந்தால் மலிவு, 60-க்கு மேல் இருந்தால் விலை அதிகம் என்று தொடங்கலாம். இவை கல்லில் செதுக்கிய எல்லைகள் அல்ல.

ஐ.வி. உயர்வாக இருந்தால் உடனே கேட்க வேண்டியது: ஏன்? காலாண்டு முடிவுகள், நீதிமன்றத் தீர்ப்பு, இணைப்புப் பேச்சு, வட்டி விகித அறிவிப்பு என ஏதாவது நாட்காட்டியில் இருக்கும். பங்கு கடந்த மாதம் 22 சதவீத வேகத்தில் அசைந்திருக்க, ஐ.வி. 35-இல் நின்றால், பிரீமியம் விலை அதிகம் என்று முடிவுகட்டுவதற்கு முன் அந்த நாட்காட்டியைப் பாருங்கள். உங்களால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், சந்தையில் வேறு யாருக்கோ தெரிந்திருக்கலாம். அந்தப் பங்கை விட்டுவிடுங்கள்.

ஒட்டுமொத்தச் சந்தையின் நிலையை அறிய விக்ஸ் குறியீடு இருக்கிறது. சிகாகோ போர்டு ஆப்ஷன்ஸ் எக்ஸ்சேஞ்ச் 1993-இல் இதை அறிமுகப்படுத்தியது. 2003-இல் கணக்கிடும் முறை மாற்றப்பட்டு, அமெரிக்கப் பங்குச் சந்தையின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் ஆப்ஷன் விலைகளிலிருந்து எடுக்கப்படுகிறது. இதைப் படிக்க ஓர் எளிய கணக்கு உண்டு: விக்ஸை 16-ஆல் வகுத்தால், ஒரு நாளில் எதிர்பார்க்கப்படும் அசைவு ஏறத்தாழ எத்தனை சதவீதம் என்று தெரியும். ஓராண்டில் சுமார் 252 வர்த்தக நாட்கள்; அதன் வர்க்கமூலம் 16-ஐ ஒட்டி வருவதால் இந்தக் கணக்கு பொருந்துகிறது. விக்ஸ் 16 என்றால் நாளுக்கு 1 சதவீதம். 2020 மார்ச் 16 அன்று அது 82.69-இல் முடிந்தது, அதாவது நாளுக்கு 5 சதவீதத்துக்கும் அதிகமான அசைவைச் சந்தை எதிர்பார்த்தது. அந்த உயரத்தில் அது நீடிக்கவில்லை. வாலட்டிலிட்டி எகிறிய பிறகு சராசரியை நோக்கித் திரும்பும் இயல்புடையது. எப்போது திரும்பும் என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

போக்கும் வாலட்டிலிட்டியும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சந்தை நிதானமாக ஏறும்போது ஐ.வி. பொதுவாக இறங்கும், சந்தை விழும்போது வேகமாக ஏறும். விழுந்த பிறகு பயந்து புட் வாங்குகிறவர் மிக அதிக விலை கொடுப்பது இதனால்தான். சந்தை கொஞ்சம் மீண்டாலோ, விழுவதை நிறுத்தி அமைதியானாலோ அவருடைய புட்டின் விலை இரண்டு பக்கமும் கரையும். இன்னொன்று: 1987 அக்டோபர் 19 அன்று டோ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் வீழ்ந்தது. அதற்குப் பிறகு, குறியீட்டு ஆப்ஷன்களில் தாழ்ந்த ஸ்டிரைக் புட்களின் ஐ.வி. மற்றவற்றைவிட உயர்ந்து நிற்பது நிலையான வழக்கமாகிவிட்டது. ஆப்ஷன் செயினில் கீழே போகப்போக ஐ.வி. ஏறுவதைக் கண்டு பிழை என்று நினைக்க வேண்டாம். வீழ்ச்சிக்கு எதிரான காப்பீட்டுக்குச் சந்தை கூடுதல் விலை கேட்கிறது.

நான்காம் படி: இரண்டையும் பொருத்துங்கள்

ஏறுமுகம், ஐ.வி. மலிவு. புதியவருக்கு மிகவும் இணக்கமான சூழல் இதுதான். கால் வாங்கலாம், இன்னும் நல்லது புல் கால் ஸ்பிரெட், அதாவது ஒரு காலை வாங்கி, உயர்ந்த ஸ்டிரைக்கில் இன்னொன்றை விற்பது. பங்கு 1,000, ஐ.வி. 20 சதவீதம், எக்ஸ்பைரிக்கு 45 நாட்கள் என்று கொள்வோம். 1,000 ஸ்டிரைக் காலை சுமார் 28-க்கு வாங்கி, 1,060 ஸ்டிரைக் காலை சுமார் 8-க்கு விற்றால் நிகரச் செலவு 20. பங்கு 1,060-க்கு மேல் முடிந்தால் லாபம் 40. 1,000-க்குக் கீழ் முடிந்தால் இழப்பு 20. சமநிலைப் புள்ளி 1,020. இந்த ஐ.வி.யில் 45 நாட்களுக்கு எதிர்பார்க்கப்படும் அசைவு சுமார் 70. விற்ற ஸ்டிரைக் அதற்குள்ளேயே இருப்பதால் நடக்கக்கூடாத ஒன்றை நாம் எதிர்பார்க்கவில்லை. 1,060-க்கு மேல் கிடைக்கக்கூடிய லாபத்தை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகச் செலவையும், நாள் செல்லச்செல்ல ஆப்ஷன் விலை கரையும் காலத் தேய்மானத்தையும் குறைத்துக்கொள்கிறோம்.

ஏறுமுகம், ஐ.வி. விலை அதிகம். இங்கே வாங்குவதைவிட விற்பது பொருந்தும். ஆனால் எல்லை வகுத்து விற்க வேண்டும். அதே 1,000 பங்கு, 45 நாட்கள், ஐ.வி. 40 சதவீதம். 900 ஸ்டிரைக் புட்டை விற்று, 850 ஸ்டிரைக் புட்டை வாங்கினால் நிகரமாகச் சுமார் 9 கையில் வரும். இது புல் புட் ஸ்பிரெட். பங்கு ஏறினாலும், நின்ற இடத்தில் நின்றாலும், 900 வரை இறங்கினாலும்கூட அந்த 9 உங்களுடையது. வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் மூன்று. ஆனால் மறுபக்கத்தைப் பாருங்கள்: பங்கு 850-க்குக் கீழ் போனால் இழப்பு 41. ஒரு தோல்வி நான்கு வெற்றிகளின் லாபத்தைத் தின்றுவிட்டு இன்னும் கேட்கும். ஆகவே போக்கு உண்மையிலேயே உங்கள் பக்கம் இருக்கும்போதும், ஐ.வி. உண்மையிலேயே மிகையாக இருக்கும்போதும் மட்டுமே இதில் பொருள் உண்டு.

இறங்குமுகத்துக்கு இவை இரண்டையும் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். ஐ.வி. மலிவாக இருந்தால் பேர் புட் ஸ்பிரெட் (உயர்ந்த ஸ்டிரைக் புட்டை வாங்கி, தாழ்ந்ததை விற்பது) வாங்கலாம். விலை அதிகமாக இருந்தால் பேர் கால் ஸ்பிரெட் (தாழ்ந்த ஸ்டிரைக் காலை விற்று, உயர்ந்ததை வாங்குவது) விற்கலாம். இறங்குமுகத்தில் மலிவான ஐ.வி. அபூர்வம். ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் வேளையில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

பக்கவாட்டுப் போக்கும் உயர்ந்த ஐ.வி.யும் சேர்ந்தால் அயர்ன் காண்டார் பேசப்படும். மேலே ஒரு கால் ஸ்பிரெட்டையும் கீழே ஒரு புட் ஸ்பிரெட்டையும் சேர்த்து விற்பது. நான்கு ஆப்ஷன்கள், இரண்டு பக்கக் கண்காணிப்பு. இதைத் தொடக்கத்தில் தள்ளிவையுங்கள். பக்கவாட்டுப் போக்கில் ஐ.வி. தாழ்ந்திருந்தால், புதியவருக்கு அங்கே வேலை இல்லை. தேடலின் முடிவு பல நாட்கள் ‘இன்று ஒன்றுமில்லை’ என்றே வரும். அதுவும் செல்லுபடியான முடிவுதான்.

கால், புட் எதையும் எல்லையில்லாமல் விற்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாள் தவறாமல் சிறு லாபம் தருவது போலத் தோன்றும் முறை அது. 2018 பிப்ரவரி 5 அன்று விக்ஸ் ஒரே நாளில் 17.31-இலிருந்து 37.32-க்குப் பாய்ந்தது. வாலட்டிலிட்டி இறங்கும் என்று பந்தயம் கட்டியிருந்த எக்ஸ்.ஐ.வி. என்ற சந்தை முதலீட்டுக் கருவி ஒரே இரவில் தன் மதிப்பில் பெரும்பகுதியை இழந்து, பின்பு மூடப்பட்டது. விற்கிறவர் ஏற்பது கடமை. அதற்கு எல்லை போட, தொலைவில் ஓர் ஆப்ஷனை வாங்கி வைப்பதற்கு ஆகும் செலவை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள்.

ஐந்தாம் படி: ஸ்டிரைக்கும் எக்ஸ்பைரியும்

பங்கு ஒரு புள்ளி அசைந்தால் ஆப்ஷன் எவ்வளவு அசையும் என்பதை டெல்டா சொல்கிறது. எக்ஸ்பைரியில் அந்த ஆப்ஷன் மதிப்போடு முடியும் வாய்ப்புக்கு ஒரு தோராயமான மதிப்பாகவும் அதைப் பயன்படுத்தலாம். வாங்கும்போது 0.50-ஐ ஒட்டிய டெல்டா, விற்கும்போது 0.20-ஐ ஒட்டிய டெல்டா என்று தொடங்குங்கள். மேலே சொன்ன 900 புட்டின் டெல்டா அந்த அளவுதான். 0.05 டெல்டா கால்கள் மலிவாகத் தெரியும். பெரும்பாலும் அவை ஒன்றுமில்லாமலே முடிகின்றன.

எக்ஸ்பைரிக்கு 30 முதல் 60 நாட்கள் உள்ளவற்றை எடுங்கள். ஸ்டிரைக் விலை பங்கு விலையை ஒட்டியிருக்கும் ஆப்ஷன்களில் காலத் தேய்மானம் கடைசி வாரங்களில் வேகமெடுக்கும். உங்கள் கணிப்பு நிறைவேற மூன்று வாரம் ஆகும் என்று நினைத்தால், ஆறு வார ஆப்ஷனை வாங்குங்கள். சில நாட்களே உள்ள ஆப்ஷன்கள் கற்றுக்கொள்வதற்கான இடம் அல்ல. யோசிப்பதற்கே அவை நேரம் தருவதில்லை.

ஆறாம் படி: நுழைவதற்கு முன் வெளியேறும் வழி

ஒரு வர்த்தகத்தின் பெரும இழப்பு உங்கள் மொத்த மூலதனத்தில் 1, 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டம் அடைந்திருக்கிறார்கள். ஒரே வர்த்தகத்தில் எல்லாவற்றையும் வைத்தவருக்கு, கற்றுக்கொண்டதைப் பயன்படுத்த மூலதனமே மிஞ்சாது.

வாங்கிய ஸ்பிரெட்டில் பாதிப் பணம் போனால் வெளியேறுங்கள். விற்ற ஸ்பிரெட்டில் பெற்ற பிரீமியத்தில் பாதியை லாபமாக எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். இழப்பு பெற்ற பிரீமியத்தைப் போல் இரண்டு மடங்கானால் மூடிவிடுங்கள். இந்த விகிதங்களை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வர்த்தகம் நடந்துகொண்டிருக்கும்போது மாற்றாதீர்கள். போக்கு முறிந்தால், அதாவது எந்தப் பள்ளத்தை நம்பி நுழைந்தீர்களோ அதற்குக் கீழே பங்கு முடிந்தால், எண்கள் என்ன சொன்னாலும் காரணம் போய்விட்டது, வெளியேறுங்கள். எக்ஸ்பைரி நாள் வரை ஸ்பிரெட்டை வைத்திருக்கவும் வேண்டாம். பங்கு இரண்டு ஸ்டிரைக்குகளுக்கு நடுவே முடிந்தால் ஓர் ஆப்ஷன் மட்டும் செயல்பட்டு, எதிர்பாராமல் பங்குகளையே வாங்கவோ கொடுக்கவோ வேண்டிய நிலை வரக்கூடும்.

கடைசியாக ஒரு பதிவேடு. நுழையும் நாளிலேயே பங்கு விலை, போக்கு, ஐ.வி., அதன் பெர்சென்டைல், எதிர்பார்க்கப்படும் அசைவு, பெரும இழப்பு, வெளியேறும் விலை ஆகியவற்றை எழுதிவையுங்கள். மூடும் நாளில் பங்கு எவ்வளவு நகர்ந்தது, ஐ.வி. எவ்வளவு மாறியது என்று எதிரில் எழுதுங்கள். லாபம் வந்திருந்தால் திசையால் வந்ததா, வாலட்டிலிட்டியால் வந்ததா என்று பிரித்துப் பாருங்கள். ஐ.வி. மலிவு என்று நினைத்து வாங்கியது மேலும் மலிவாகியும், பங்கு வேகமாக ஏறியதால் மட்டும் லாபம் வந்திருந்தால், உங்கள் இரண்டு கணிப்புகளில் ஒன்றே பலித்திருக்கிறது. அடுத்த முறை எந்தப் படியில் கூடுதல் நேரம் செலவிட வேண்டும் என்பதை அந்தப் பக்கமே காட்டிவிடும்.